சிலுவை வரையாத கல்லறைகள்: ரோம் நாட்குறிப்பு

அக்டோபர் 29, செவ்வாய்

ரோம் நகரம் தன்னையே தோண்டிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர் 24 அன்று தொடங்கவிருந்த, கத்தோலிக்கரின் புனித ஆண்டான ஜூபிலிக்காகச் சாலைகளையும் சதுக்கங்களையும் பெயர்த்துப் போட்டிருந்ததால், புனித யோவான் பேராலயத்தின் அருகே நாங்கள் எடுத்திருந்த அறைக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு செல்வதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அக்டோபர் முடிகிற வேளையிலும் வெயில் இதமாக இருந்தது; நிழலுக்குள் போனால் மட்டும் குளிர்ந்தது. மாலையில் தெருமுனைக் கடையில் நின்றபடியே காப்பி குடித்தோம். கோப்பை 1.30 யூரோ. சோற்றை உருட்டி, நடுவே பாலாடைக்கட்டி வைத்து, தூள் புரட்டிப் பொரிக்கும் சுப்பிளி என்னும் பண்டம் ஒன்று 2.50 யூரோ. அதில் இரண்டு தின்றால் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும்.

பொதுவாக இந்நகருக்கு வருபவர்கள் கொலோசியத்துக்கும் வத்திக்கானுக்கும் போவார்கள். பழைய நகர மதிலுக்கு வெளியே, நிலத்துக்கு அடியில் வெட்டப்பட்ட கல்லறைகளையும், அவற்றின் சுவர்களில் மூன்றாம், நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் வரையச் செய்த ஓவியங்களையும் பார்ப்பதற்காகவே நாங்கள் வந்திருந்தோம். அக்கா ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூடிய இடங்கள் அவருக்கு ஆகாது என்பதும் தெரிந்த விஷயந்தான். ஆனாலும் இந்தப் பயணத்துக்கு என்னைவிட அவரே அதிகம் ஆசைப்பட்டார்.

அக்டோபர் 30, புதன்

வரவேண்டிய பேருந்து வரவில்லை. நிறுத்தத்தில் இருந்த மின்பலகை எட்டு நிமிடம் என்று காட்டும், பிறகு நான்கு என்று காட்டும், பிறகு மறுபடியும் பன்னிரண்டுக்குத் தாவும். எங்களோடு காத்திருந்த முதிய பெண்மணி ஒருவர், சந்தைப் பையை முழங்கையில் மாட்டியபடி, கை அசைவுகளாலேயே ஒரு முழு உரையாடலை நடத்தி, மூவரும் சேர்ந்து டாக்சி பிடிக்கலாம் என்று முடிவும் செய்துவிட்டார். கட்டணம் 18 யூரோ வந்தது. அவர் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டாலும், தம் பங்கு ஆறு யூரோவைச் சில்லறையாக எண்ணி அக்காவின் கையில் வைத்து, வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல், கதவைச் சாத்திவிட்டு நடந்துவிட்டார்.

தொமித்தில்லா கல்லறை செத்தே கியேசே சாலையில் உள்ளது. நுழைந்ததும் சுரங்கம் வரும் என்று எதிர்பார்த்தால், படிக்கட்டு நேராக ஒரு தேவாலயத்துக்குள் இறங்குகிறது. நெரேயு, அக்கில்லேயு என்னும் இரு மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின், சமாதிக்கு மேல் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கோவில் அது. பாதி மண்ணுக்குள் புதைந்திருக்க, கூரை மட்டும் தரைமட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கிறது. பீடத்தருகே நின்ற ஒரு சிறு தூணில் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது: கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒருவன், அவனுக்குப் பின்னே வாளை ஓங்கிய வீரன், மேலே அக்கில்லேயு என்ற பெயர். கிறிஸ்தவக் கலையில் மறைசாட்சியின் கொலையைக் காட்டும் மிகப் பழைய உருவங்களில் இதுவும் ஒன்று. இந்தப் பயணத்தில் எந்தக் கல்லறைக்குள்ளும் நான் கண்ட ஒரே வன்முறைக் காட்சி இதுதான். அதுவும் ஓவியமன்று, மேலே எழுந்த கோவிலின் கல்வேலை.

எங்களை வழிநடத்தியவர் இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவிலிருந்து வந்த இளம் துறவி. எங்களைப் பார்த்ததும் எந்த நாடு என்று கேட்டு, தம்முடன் தங்கியிருக்கும் இந்தியத் துறவிகள் குழம்பு வைக்கும் நாள்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டே கல்லறைகளைப் பற்றித் தொடங்கினார். உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 15 பாகை. காற்று அசையாமல் ஈரமாக நிற்கிறது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். இருபுறச் சுவர்களிலும் நூலக அலமாரியின் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக, உடலைக் கிடத்தும் அளவுக்கு வெட்டப்பட்ட பிளவுகள். ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளத்துக்கு, நான்கு அடுக்குகளாக, தொமித்தில்லா இப்படியே நீள்கிறது.

இவ்வளவும் வெட்ட முடிந்ததற்குக் காரணம் ரோமைச் சுற்றியுள்ள எரிமலைச் சாம்பல் பாறை. வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகிவிடும் இயல்பு அதற்கு உண்டு. நகர எல்லைக்குள் யாரையும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டக் காலத்திலிருந்து இருந்த விதி. ஆகவே எல்லா மதத்தாரின் கல்லறைகளும் நகரிலிருந்து வெளியேறும் சாலைகளின் ஓரங்களிலேயே அமைந்தன. கிறிஸ்தவர்கள் உடலை எரிக்காமல் புதைக்க விரும்பினார்கள். நிலத்தின் மேற்பரப்போ விலை கூடியது. ஆழத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை. இடம் போதாமல் போனபோது குழிவெட்டுவோர் பாதையின் தரையையே மேலும் கீழே இறக்கி, புதிய சமாதிகளுக்குச் சுவரை உண்டாக்கிக்கொண்டார்கள். அதனால் பல இடங்களில் தலைக்கு மேலே இருப்பவையே மூத்த சமாதிகள். கால்மட்டத்தில் இருப்பவை பிந்தியவை.

துன்புறுத்தலுக்கு அஞ்சிய கிறிஸ்தவர்கள் இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற கதையை எங்கள் குழுவிலிருந்த ஒருவர் எடுத்தபோது, துறவி சிரித்துக்கொண்டே அவரிடம் ஐந்து நிமிடம் மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னார். எண்ணெய் விளக்குப் புகையோடு, அழுகும் உடல்களுக்கு நடுவே, காற்றோட்டமில்லாத இடத்தில் யார் குடியிருக்க முடியும்? மேலும் இந்தக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும். வலேரியன் பேரரசன் 257ஆம் ஆண்டு கல்லறைகளில் கிறிஸ்தவர்கள் கூடுவதைத் தடைசெய்தான். மறு ஆண்டு ஆகஸ்டில் திருத்தந்தை (போப்பாண்டவர்) இரண்டாம் சிக்ஸ்துஸ் ஒரு கல்லறையில் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கையிலேயே பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஒளிவதற்கு ஏற்ற இடமாயிருந்தால் அவர் பிடிபட்டிருப்பாரா? ஒளிந்திருந்த கூட்டம் என்ற படிமம் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களால் பரவியது. அது போனால் சுவாரசியம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் பட்டது. ஏழைகளும் வசதியானவர்களும் சேர்ந்து பல தலைமுறைகளாக நடத்திய கணக்குவழக்குள்ள இடுகாடு என்பது ஒளிவிடத்தைவிடப் பெரிய செய்தி.

பெரும்பாலான பிளவுகளில் ஓவியம் கிடையாது. ஓடோ பளிங்குப் பலகையோ வைத்துச் சாந்து பூசி மூடினார்கள். படிப்பறிவில்லாத உறவினர் திரும்பி வரும்போது அடையாளம் தெரிவதற்காக ஈரச் சாந்தில் ஒரு நாணயத்தையோ, கண்ணாடிக் கிண்ணத்தின் அடியையோ, ஒரு பொம்மையையோ பதித்தார்கள். பணம் உள்ளவர்களுக்கே தனி அறையும், அறைச் சுவரில் வளைவு மாடமும், மாடத்துக்குள் ஓவியமும். தேவாலயத்தின் பின்புறம் உள்ள வெனெராந்தா என்னும் பெண்ணின் சமாதி அப்படிப்பட்டது. பெத்ரோனில்லா என்ற புனிதை அவளைக் கைகாட்டி, பூக்கள் சிதறிய தோட்டத்துக்குள் அழைத்துச் செல்கிறாள். அருகில் சுருள்கள் நிறைந்த பெட்டியும் ஒரு நூலும். அவள் சனவரி 7 அன்று அடக்கம் செய்யப்பட்டாள் என்று எழுத்து சொல்கிறது. ஆண்டைக் குறிப்பிடவில்லை. ஆண்டுதோறும் வரும் நினைவு நாள்தான் வீட்டாருக்குத் தேவைப்பட்டது போலும்.

இங்கே ரொட்டி சுடுவோரின் அறை என்று ஒன்று இருக்கிறது; வழக்கமான சுற்றில் அதைக் காட்டுவதில்லை. புகைக்கரியும் பாசியும் சுண்ணப்படிவும் சேர்ந்து கறுத்துக் கிடந்த அதன் ஓவியங்களை லேசர் கொண்டு மீட்டு 2017இல் காட்டினார்கள். கறுப்பு விலகியபோது, 1593இல் முதன்முதலாக இந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கி வழிதவறிய அந்தோனியோ போசியோ என்னும் ஆய்வாளர் கரியால் எழுதிவைத்த தம் பெயரும் தெளிவாக வெளிப்பட்டது. ஓவியத்தின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். கல்லறை ஆய்வின் கொலம்பஸ் என்று புகழப்படுபவர் செய்த வேலை இது! அவருக்குப் பின் வந்த பொல்தெத்தி இன்னும் மோசம். தியோகேனிஸ் என்னும் குழிவெட்டுவோன் தன் கருவிகளோடு நிற்கும் அரிய ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்க்கப் பார்த்து உடைத்துவிட்டார். இன்று அதன் நகல் சித்திரமே மிச்சம்.

அக்கா பாதிச் சுற்றிலேயே கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி நடந்தார். மேலே வந்ததும் தெருக்குழாயில் முகம் கழுவினார். ரோமின் தெருக்குழாய்களில் நாள் முழுவதும் நல்ல குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, காசு கேட்பாரில்லை.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபோஸ்ஸே அர்தேயத்தினே. 1944 மார்ச் 24 அன்று, ராசெல்லா தெருவில் ஜெர்மானியக் காவலர் 33 பேர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, 335 பேரை இந்தச் சுரங்கங்களுக்குள் கொண்டுவந்து நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். பிறகு வாயிலை வெடிவைத்து மூடினார்கள். இப்போது ஒரே பெரும் கற்பலகையின் கீழ், வரிசை வரிசையாகக் கற்பெட்டிகள். அனுமதி இலவசம். அதே மண், அதே பாறை. அன்று வேறு எதையும் பார்க்கும் மனம் இருவருக்கும் இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

இன்று சலாரியா சாலையில் உள்ள பிரிசில்லா கல்லறை. அருட்சகோதரிகள் நடத்தும் மடத்தின் வாசல் வழியாகவே இறங்க வேண்டும். அனுமதி 10 யூரோ. படம் எடுக்கக் கூடாது என்பதைச் சகோதரி இனிமையாகச் சொன்னார். கைப்பேசியை எடுத்த ஓர் இளைஞனிடம் அந்த இனிமை காணாமல் போயிற்று. நாங்கள் கடந்து செல்லச் செல்ல எங்கள் பின்னால் விளக்குகள் அணைந்தன. வெளிச்சம் தொடர்ந்து விழுந்தால் சுவரில் பாசி பிடிக்கும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

அக்கா இன்று வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. "ஓவியம் இங்கேதானே இருக்கு, நான் வராமல் நீ மட்டும் பார்ப்பியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் இறங்கினார்.

13 கிலோமீட்டர் சுரங்கம் கொண்ட பிரிசில்லாவில் பார்வையாளர் காண்பது மிகச் சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதிக்குள் இருப்பவை வேறெங்கும் கிடைக்காதவை. முதலில் முக்காடிட்ட பெண்ணின் அறை. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. பின்சுவரின் அரைவட்டத்தில், செந்நிற உடையும் தலையில் வெண்துகிலும் அணிந்த பெண் இரு கைகளையும் உயர்த்தி, கண்களை மேலே ஏற்றி நிற்கிறாள். அவளுக்கு ஒருபுறம் அமர்ந்திருக்கும் முதியவர் முன் ஓர் இளம்பெண் ஏட்டை ஏந்தி நிற்கும் காட்சி. மறுபுறம் குழந்தையை ஏந்திய தாய். திருமணம், தாய்மை, மறுவாழ்வு என்று ஒரே பெண்ணின் வாழ்க்கையின் மூன்று கட்டங்கள் என்பது சகோதரியின் விளக்கம். இடப்புறக் காட்சி திருமணமன்று, பெண்ணொருத்தி திருப்பணிக்கு ஏற்படுத்தப்படும் சடங்கு என்று வாதிடுவோரும் உண்டு. சகோதரி அதைக் கேள்வி வந்த பிறகே, உதட்டைச் சற்றுச் சுழித்துக்கொண்டு குறிப்பிட்டார். எனக்கு அந்தச் சண்டையைவிட அவள் கண்களே பெரிதாகத் தெரிந்தன. வெள்ளை விழியில் இரு கறுப்புத் தீற்றல்கள், அவ்வளவுதான்.

"இதை வரைந்தவன் அவசரத்தில் இருந்திருக்கிறான்" என்று அக்கா என் காதருகே சொன்னார். ஈரச் சுண்ணச் சாந்து காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும், கையில் எண்ணெய் விளக்கு, அருகே சடலங்கள். வண்ணங்களும் எளியவை: காவி, மஞ்சட்கல், பச்சை மண், விளக்குக்கரி. விலையுயர்ந்த நீலம் அபூர்வம். வெண்பூச்சின் மீது சிவப்பிலும் பச்சையிலும் கோடுகளை இழுத்து விதானத்தைக் கட்டங்களாகவும் வட்டங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் உருவத்தை அமர்த்தும் முறை, ரோம் வீட்டுச் சுவர்களை அலங்கரித்த அதே பட்டறைகளின் முறை. அந்தப் பட்டறைக்காரர்கள் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தோளில் ஆட்டைச் சுமந்த இளைஞன் அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய உருவம்; அவனை நல்ல ஆயனாகிய இயேசு என்று வாசித்தவர்கள் சமாதிக்குச் சொந்தக்காரர்கள்.

அந்த அறையின் பக்கச் சுவர்களில் நெருப்புச் சூளையில் நிற்கும் மூன்று இளைஞர்கள், மகனைப் பலியிடப் போகும் ஆபிரகாம். நுழைவாயிலின் பக்கம் யோனா. அவனை விழுங்கி உமிழ்வது திமிங்கலமன்று. நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் கொண்ட கிரேக்கக் கடல்விலங்கு. இந்தக் கல்லறைகள் எங்கும் இதே கதைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: பெட்டி போன்ற மரக்கலத்துக்குள் தனியாக நிற்கும் நோவா, சிங்கங்களுக்கு நடுவே தானியேல், பாறையைத் தட்டும் மோசே, துணி சுற்றிய உடலோடு சமாதி வாசலில் நிற்கும் இலாசர். நோவாவின் கலத்தில் விலங்குகள் இல்லை, மழை இல்லை. தப்பித்தவன் மட்டும் இருக்கிறான். எல்லாமே ஒருவர் ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட கணங்கள். அழும் உறவினரைக் காணோம். நரகம் இல்லை. சிலுவையில் தொங்கும் இயேசுவை எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டார்.

கிரேக்கச் சிற்றாலயம் என்று அழைக்கப்படும் பகுதியில், வளைவின் உச்சியில், ஏழு பேர் சாய்ந்து அமர்ந்து உண்ணும் காட்சி. சிவந்த பின்னணி. முன்னே ஒரு கிண்ணம், அப்பங்கள் உள்ள தட்டு, இரு மீன்கள் உள்ள தட்டு. இருபுறமும் அப்பக் கூடைகள். இதன் மேல் படிந்திருந்த சுண்ணக் கறையை நீக்கி 1890களில் வெளிக்கொணர்ந்தவர் ஜெர்மானியக் குருவான யோசஃப் வில்பெர்ட். கல்லறை ஓவியங்களைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக எடுத்து, அவற்றின் மேல் ஓவியர் ஒருவரை நீர்வண்ணம் தீட்டச் செய்து, அவர் 1903இல் வெளியிட்ட பெருந்தொகுதி இன்றும் பயன்படுகிறது. அதில் இருக்கும் சில ஓவியங்கள் சுவரில் மங்கிவிட்டன.

இறுதியாக, கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டிய உயரத்தில், உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய அளவில் ஒரு தாயும் பால்குடிக்கும் பிள்ளையும். எதிரே நிற்கும் ஆண் ஒரு விண்மீனைச் சுட்டுகிறான். மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. மரியாவின் மிகப் பழைய ஓவியம் என்று பெரும்பாலோர் இதைக் கருதுகிறார்கள். குழந்தை நம் பக்கமாகத் தலையைத் திருப்பியிருக்கிறது. சகோதரியின் கைவிளக்கு அங்கே நின்றது அரை நிமிடம் இருக்கும். அடுத்த குழு வந்துவிட்டது. உலகத்தின் பாதிச் சுவர்களில் தொங்கும் ஓர் உருவத்தின் மூத்த வடிவத்துக்கு அரை நிமிடம் போதாது என்று நான் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் எடைக்கு வெட்டித் தரும் பீட்சா. கத்திரிக்கோலால் வெட்டி, எடை போட்டு, தாளில் சுற்றித் தந்தார்கள். இருவருக்கும் 9 யூரோ. எதிரே இருந்த வில்லா அதா பூங்காவில் உட்கார்ந்து தின்றோம்.

நவம்பர் 1, வெள்ளி

புனிதர் அனைவரின் பெருவிழா, அரசு விடுமுறை. கடைகளில் பாதி மூடியிருந்தன. அவெந்தீனோ குன்றின் மேலுள்ள புனித சபீனா ஆலயத்துக்கு நடந்தோம். நிலத்தடியில் தேடியும் கிடைக்காத காட்சி அங்கே கதவில் இருக்கிறது. ஏறக்குறைய 430ஆம் ஆண்டைச் சேர்ந்த சைப்ரஸ் மரக்கதவு. முதலில் இருந்த 28 பலகைகளில் 18 தப்பியிருக்கின்றன. மேல் வரிசையில் இடது ஓரத்தில் சிறிய பலகை ஒன்றில் இயேசுவும் இரு கள்வர்களும். சிலுவையில் அறையப்பட்ட காட்சியின் மிகப் பழைய உருவங்களுள் இது ஒன்று. ஆனால் சிலுவை மரத்தை உற்றுத் தேட வேண்டியிருக்கிறது. அவர் தொங்கவில்லை, நேராக நின்று, விழித்த கண்களோடு, இரு கைகளையும் விரித்திருக்கிறார். பிரிசில்லாவில் முக்காடிட்ட பெண் நின்ற அதே நிலை. சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம் தந்த இழிவான தண்டனை. அதைக் கண்ணால் கண்ட தலைமுறைகள் அதைச் சமாதிச் சுவரில் வரைந்து அழகுபார்த்திருக்க மாட்டார்கள். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசன் கொன்ஸ்தந்தீன் காலத்துக்குப் பிறகு அந்தத் தண்டனை வழக்கொழிந்து நூறாண்டு ஆனபிறகும் சிற்பியின் உளி தயங்கியிருக்கிறது.

பக்கத்திலிருந்த ஒரு மடத்துக் கதவின் சாவித்துளை வழியே புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தைப் பார்க்க நீண்ட வரிசை நின்றது. கதவுச் சிற்பத்தின் முன் எங்களைத் தவிர ஒரு கிழவரும் அவருடைய நாயும்.

இரவு காச்சியோ எ பேப்பே: செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே போட்ட நூடுல்ஸ், 13 யூரோ. நாங்கள் கேட்காமலே வந்த ரொட்டிக்கு ஆளுக்கு 2 யூரோ. மிளகு கொஞ்சமும் குறை வைக்காமல் போட்டிருந்தார்கள்.

நவம்பர் 2, சனி

நம் ஊர்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் கொண்டாடும் அதே நாள். காலையில் வெரானோ பெருங்கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செவ்வந்திப் பூக்கடைகள் வரிசையாக முளைத்திருந்தன. தொட்டி ஒன்று 8 யூரோ. இத்தாலியில் செவ்வந்தி இறந்தோருக்கான பூ. விருந்துக்குப் போகும் வீட்டுக்கு அதை எடுத்துச் செல்லக் கூடாது. குடும்பம் குடும்பமாக வந்து கல்லைத் தேய்த்துக் கழுவி, பூவை வைத்து, அங்கேயே நின்று சத்தமாக வம்பளந்துகொண்டிருந்தார்கள். 2019இல் இதே நாளில் திருத்தந்தை பிரான்சிஸ் பிரிசில்லா கல்லறைக்குள் திருப்பலி நிறைவேற்றியதை நேற்று முன்தினம் சகோதரி பெருமையோடு சொல்லியிருந்தார்.

பிற்பகல் கசிலீனா சாலையில் ஓடும் குட்டி ரயிலில் தோர்பிஞ்ஞத்தாரா. பேதுரு, மர்செல்லீனு கல்லறை அங்கே இருக்கிறது. மேலே கொன்ஸ்தந்தீன் எழுப்பி, பிற்பாடு அவன் தாய் எலேனாவை அடக்கிய வட்டச் சமாதியின் இடிபாடு. கூரையின் பாரத்தைக் குறைப்பதற்காகக் கட்டடத்துக்குள் பதித்த வெற்றுச் சாடிகள் உடைந்த சுவரில் வாய் பிளந்து தெரிகின்றன. போர்ஃபிரி என்னும் செந்நிறக் கல்லால் ஆன அவளுடைய பேழை இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கீழே, இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓவியங்கள். அசர்பைஜானைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையின் பண உதவியால் சீர்செய்யப்பட்டு 2016இல் திறக்கப்பட்டவை. பந்தி பந்தியாக விருந்து. அரைவட்ட மஞ்சத்தில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, நடுவே முக்காலி மேசையில் மீன். பரிமாறும் பெண்ணை நோக்கிய கட்டளை தலைக்கு மேலே எழுதப்பட்டிருக்கிறது: "ஐரீன், சூடாகக் கொடு", "அகாபே, எங்களுக்குக் கலந்து கொடு". வெந்நீர் கலந்த திராட்சை இரசத்தைக் கேட்கிறார்கள். இரு பெயர்களுக்கும் அமைதி, அன்பு என்று பொருள் இருப்பதால் இது மறுவுலக விருந்து என்று சிலரும், சமாதியருகே உறவினர் கூடி உண்ணும் வழக்கமான நினைவு விருந்து என்று சிலரும் சொல்கிறார்கள். சமாதிகளில் விருந்து உண்பது மதவேறுபாடின்றி ரோமானியரின் பழக்கம். கிறிஸ்தவர்கள் அதை விடவில்லை. நாலாம் நூற்றாண்டு ஆயர்கள் (பிஷப்புகள்) கோபித்துக்கொள்ளும் அளவுக்கு விடாமல் நடத்தினார்கள். குரலை உயர்த்தி இன்னொரு கோப்பை கேட்பவர்களைச் சமாதிச் சுவரில் தீட்டியவனுக்கு விருந்து வீட்டின் இரைச்சல் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதே இடத்தின் நடுப்பகுதியில் 2003இல் வேறொன்றும் வெளிப்பட்டது: ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள், வரிசை வரிசையாக, சுண்ணச் சாந்து பூசிய துணியில் சுற்றி, குறுகிய காலத்துக்குள் அடுக்கப்பட்டவை. கொள்ளைநோய் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அங்கே யாரையும் விடுவதில்லை. ஓவியமும் அங்கே இல்லை.

வெளியே வந்தால் வங்கதேசக்காரர்களின் கடைத்தெரு. காய்கறிக் கடையில் பாகற்காயும் பச்சை மிளகாயும் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. சமோசா போன்ற சிங்காரா ஒன்று 1 யூரோ, பால் ஊற்றிக் கொதிக்கவைத்த தேநீர் 1 யூரோ. கடைக்காரர் பதினேழு ஆண்டுகளாக எதிர்த்தெருவில் இருந்தும் கல்லறைக்குள் இறங்கியதில்லை என்றார். நாங்கள் ஏன் இறங்கினோம் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

ஞாயிறன்று ஆப்பியா சாலையில் வாகனங்களுக்குத் தடை என்று படித்திருந்தோம். நகர மதிலின் வாயிலிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டருக்கு அந்தத் தடையை மதிப்பவர்கள் குறைவு. நடைபாதை கிடையாது, மதிலோடு ஒட்டி நின்று ஒவ்வொரு காருக்கும் வழிவிட்டோம். குவோ வாதிஸ் சிற்றாலயத்தைத் தாண்டியதும், சைப்ரஸ் மரங்கள் நின்ற தனிவழி ஒன்று வயல்களினூடே புனித காலிஸ்துஸ் கல்லறைக்குப் போகிறது. அக்கா இனிமேல் இறங்குவதில்லை என்று முடிவாகச் சொல்லி, வெயிலில் பலகையொன்றில் உட்கார்ந்துவிட்டார்.

அடிமையாக இருந்து, சிறைப்பட்டு, பின்னர் இந்தக் கல்லறையின் பொறுப்பாளராகி, 217இல் திருத்தந்தையுமான காலிஸ்துஸின் பெயர் இதற்கு. 20 கிலோமீட்டர் சுரங்கம், ஏறக்குறைய ஐந்து லட்சம் சமாதிகள். இறங்கும் முன் வெளியே படப்பலகைகளின் முன் நிறுத்திப் பத்து நிமிடம் விளக்குகிறார்கள். காலையில் வந்த கூட்டம் அதிகம். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குழு, குழுவுக்கு முப்பது பேருக்குக் குறையாது. பிரிசில்லாவைவிட இங்கே இன்னும் வேகமாகத் துரத்தினார்கள்.

மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் ஒன்பது பேர் அடக்கமான அறையை 1854இல் கண்டுபிடித்தவர் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி. அதற்கு ஐந்தாண்டு முன்பு, இங்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த உடைந்த பளிங்கில் பெயரொன்றின் பின்பாதியையும் மறைசாட்சி என்ற சொல்லையும் அவர் வாசித்தார். கொர்னேலியு திருத்தந்தையின் கல்வெட்டுத்தான் அது என்று ஊகித்து, தோட்டத்தை வாங்கும்படி அன்றைய திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரை (பயஸ்) வற்புறுத்தினார். 1852இல் மீதிப் பாதி சமாதியருகே கிடைத்தது. ஊகம் சரியாக விழுந்த இன்பத்தை அவர் எப்படி அனுபவித்தாரோ! திருத்தந்தையர் அறை முன்பு பழைய யாத்திரிகர் கீறிய எழுத்துகள் மொய்த்துக் கிடக்கின்றன. சொஃப்ரோனியா என்ற பெண்ணின் பெயரை ஒரே கை பல இடங்களில் கீறிச் சென்றிருக்கிறது: முதலில் நீ வாழ்க என்று வாழ்த்தாக, உள்ளே போகப் போக நீ என்றும் கடவுளில் வாழ்வாய் என்று உறுதியாக. போசியோவின் கரியெழுத்தை ஏசிய நான் இதை ஏசவில்லை.

அடுத்து வரும் சிற்றறைகளில் திருமுழுக்கு, எழுவர் விருந்து, மறுபடியும் யோனா. கடலிலிருந்து மீண்டவன் சுரைக்கொடியின் கீழ் ஆடையின்றிக் கையைத் தலைக்கு மேல் போட்டுப் படுத்திருக்கிறான்; கிரேக்கக் கதையில் நிலவுப் பெண் காதலித்த எந்திமியோன் என்னும் இடையனை ரோமானியர் செதுக்கிய அதே கிடை. சுற்றுப்பாதையில் நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டவை, முழங்கை நீளத்துக்கு மேல் போகாத பிளவுகள். ஓவியம் உள்ள அறைகளுக்கு நடுவே இருக்கும் வெறும் சுவர்கள் முழுவதும் அவைதான். யாரும் அங்கே விளக்கைத் திருப்பவில்லை, நிற்கவும் இல்லை. யோனாவைக் காட்டி மீட்பைப் பற்றிப் பேசிய வழிகாட்டி அந்தச் சுவரைக் கடக்கையில் மட்டும் நடையைக் கூட்டினார்.

மேலே வந்தபோது அக்கா, சைக்கிளில் வந்த ஒரு குடும்பத்தோடு மொழி தெரியாமலே பேசி, அவர்கள் தந்த சுட்ட கஷ்கொட்டைகளில் எனக்கும் நாலு வைத்திருந்தார். வெளிப்பலகையில் இருந்த லூசினா அறை ஓவியத்தின் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம்: மீன், அதன்மேல் அப்பக் கூடை. கூடையின் பின்னலுக்கு நடுவே தெரியும் சிவப்பு, கண்ணாடிக் கோப்பையில் உள்ள திராட்சை இரசம் என்று நான் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கோப்பையை முதலில் வரைந்து, பின்னலை அதன் மேல் இழுத்திருக்கிறான், ஒரு கோடு வழுக்கி வெளியே போயிருக்கிறது பார் என்றார்.